மாநகரங்களில் பசுமைக் கூரைகள்: நன்மையும் சுமையும்

தெமட்டகொடையில் உள்ள எங்கள் வீட்டின் மேல் தளத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெரிபவை கூரைகள்தான். அஸ்பெஸ்டஸ் தகடுகள், துருப்பிடித்த தகரங்கள், என்றைக்காவது இன்னொரு மாடி எழுப்பலாம் என்ற நம்பிக்கையில் கம்பிகளை நீட்டிக்கொண்டிருக்கும் கொங்கிரீட் தளங்கள், அவற்றின் மேல் கறுப்புத் தண்ணீர்த் தாங்கிகள். மரம் என்று சொல்ல இரண்டு தென்னைகளும் ஒரு மாமரமும் மட்டுமே உண்டு. நிலம் முழுவதும் கட்டடமாகிவிட்ட நகரத்தில் பச்சைக்கு மிஞ்சியிருக்கும் இடம் கூரைதான் என்ற எண்ணம் உலகின் பல மாநகரங்களில் தோன்றியிருக்கிறது. உயர்தரத்தில் புவியியல் கற்கும் நான், இதைப் பற்றிய ஒரு செயற்றிட்டத்தைப் புள்ளிகளுக்காகத்தான் தொடங்கினேன். முடித்ததற்கான காரணம் வேறு. அது எங்கள் உம்மும்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே இருந்தது.

முதலில் பசுமைக் கூரை என்றால் என்ன என்று பார்ப்போம். மேல் தளத்தில் பூச்சாடிகளை வரிசையாக வைப்பதைப் பலர் அவ்வாறு நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் பசுமைக் கூரை என்பது கட்டடத்தின் ஒரு பகுதியாகவே அமைக்கப்படும் பல படைகளின் அடுக்கு. கொங்கிரீட் தளத்தின் மேல் நீர் புகாத படலம், அதன் மேல் வேர்கள் துளைத்துச் செல்லாமல் தடுக்கும் விரிப்பு, அதற்கும் மேல் மிகையான நீர் வடிந்தோட ஒரு வடிகால் படை, மண் கரைந்து வடிகாலை அடைக்காதபடி ஒரு வடிதுணி, பிறகு மண், கடைசியில் செடி. பார்ப்பவர் கண்ணில் படுவது கடைசிப் படை மட்டும்தான். கூரை பிழைப்பதும் பிழைக்காததும் கண்ணில் படாத மற்ற ஐந்திலும் தங்கியிருக்கிறது.

இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஏறக்குறைய 6 முதல் 15 சென்டிமீற்றர் வரையான மெல்லிய மண் படையில் புல்லும் சிறு பூண்டுகளும் வளர்வது. மற்றது, அதைவிட ஆழமான மண்ணில் செடிகளும் மரங்களும்கூட வளரும் கூரைத் தோட்டம். முதலாவதில் மனிதர்கள் அதிகம் நடமாடுவதில்லை, பராமரிப்பும் குறைவு. இரண்டாவது அழகானது, ஆனால் செலவும் பாரமும் பல மடங்கு.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஐஸ்லாந்திலும் நோர்வேயிலும் பல நூற்றாண்டுகளாகக் கூரை மேல் புற்றரையை விரித்துக் குளிரைத் தடுத்தார்கள். பெர்லின் நகரத்தின் கதை எனக்கு இன்னும் பிடித்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தொழிலாளர் குடியிருப்புகளின் தார்க் கூரைகள் தீப்பற்றாதிருக்க அவற்றின் மேல் மணலையும் சரளையையும் பரப்பினார்கள். காற்றில் வந்த விதைகள் அதில் விழுந்து, யாரும் நடாமலே புல் முளைத்தது. பின்னாளில், 1960களிலும் 70களிலும் ஜேர்மனியர்கள் இதை ஒரு முறையான தொழில்நுட்பமாக வளர்த்தெடுத்தபோது, தற்செயலாக முளைத்த அந்தப் பழைய கூரைகளும் அவர்களது ஆய்வுக்கு உதவின.

இனி எங்கள் வீட்டு விடயத்துக்கு வருகிறேன். கீழ்த்தளத்தில் வாப்பாவின் கடை. முதலாம் மாடியில் நாங்கள். இரண்டாம் மாடியில் இரண்டு அறைகள். ஒன்று நான் படிக்கும் அறை, மற்றது உம்மும்மாவுடையது. அதற்கு மேல் வெறும் தளம். நாங்கள் 'சிலெப்' என்போம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் அந்த அறைகளில் மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் வெக்கை கூடும். பகல் முழுவதும் கொங்கிரீட் உறிஞ்சிய வெப்பத்தை இரவில் அறைக்குள் விடுவதே காரணம். காற்றாடி அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றி வீசும். கடந்த ஏப்ரலில் உம்மும்மா இரண்டு தடவை தலை சுற்றி விழுந்தார். டொக்டர், அவரைக் குளிர்ச்சியான இடத்தில் வைத்திருக்கும்படி சொன்னார். உம்மும்மாவோ தன் அறையை விட்டு இறங்க மறுத்துவிட்டார்.

இது சிறிய விடயம் அல்ல என்பது சிக்காகோ நகரத்தைப் பற்றி வாசித்தபோது புரிந்தது. 1995 ஜூலையில் அங்கே வீசிய வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் முதியவர்கள். கட்டடங்களின் உச்சி மாடியில் வசித்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்ததாகப் பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். அதன் பிறகு, 2001இல், அந்நகர மண்டபத்தின் கூரையில் ஒரு தோட்டம் அமைக்கப்பட்டது. அந்தக் கட்டடத்தில் ஒரு வசதி இருந்தது: பாதி மாநகர நிருவாகத்துடையது, மறுபாதி மாவட்ட நிருவாகத்துடையது. மாநகரப் பாதியில் தோட்டம். மறுபாதியில் பழைய கறுப்புக் கூரை. விஞ்ஞானப் பாடத்தில் நாம் செய்யும் கட்டுப்பாட்டுப் பரிசோதனை போலவே! அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தின் ஒரு வெப்பமான நாளில் கறுப்புக் கூரையின் மேற்பரப்பு சுமார் 76 பாகை செல்சியஸைத் தொட்டது. பசுமைப் பகுதி 33க்கும் 48க்கும் இடையில் நின்றது.

இந்த வேறுபாட்டுக்கு நிழல் ஒரு காரணம். ஆவியாதல் பெரிய காரணம். ஒரு லீற்றர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பம் தேவை. அதை மின்சாரக் கணக்கில் சொன்னால் ஓர் அலகில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு சதுர மீற்றர் பசும்பரப்பு ஒரு நாளில் 3 லீற்றர் நீரை ஆவியாக்கினால், 2 அலகு மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் அறைக்குள் போகாமல் காற்றோடு போய்விடுகிறது. ஆனால் கொழும்பின் காற்று ஏற்கெனவே ஈரம் நிறைந்தது. ஈரக் காற்றில் ஆவியாதல் மெதுவாகவே நடக்கும். உலர்ந்த காற்றுள்ள நகரங்களில் கிடைத்த பலனை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது. இன்னொன்றும் உண்டு. கூரை குளிர்விப்பது அதன் கீழே நேரடியாக உள்ள மாடியைத்தான். பத்து மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருப்பவருக்குத் தன் தலைக்கு மேல் தோட்டம் இருப்பதே தெரியாது.

வாப்பா இத்தனை கணக்கும் பார்க்கவில்லை. கைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, "மகள், மேல மண்ணப் போட்டு பச்ச வளப்பம். உம்மாக்கும் குளிரும், ஒங்கட படிப்புக்கும் ஒரு விஷயம் கெடைக்கும்" என்றார். இரண்டு வார விடுமுறை நாட்களில் மண் மூட்டைகளை மாடிக்கு ஏற்றினோம். உம்மும்மாவின் அறைக்கு மேலே உள்ள மூலையில் பொலித்தீனை விரித்து, நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி, எட்டு அங்குலத்துக்கு மண்ணைக் கொட்டினோம். வல்லாரை, பொன்னாங்கண்ணி, ஓரத்தில் பத்துமணிப் பூ. முதல் மூன்று வாரம் நன்றாகவே இருந்தது. உம்மும்மாவும் இரவில் தூக்கம் வருவதாகச் சொன்னார். முழுத் தளத்தையும் இப்படியே மூட வாப்பா திட்டமிட்டார்.

மே மாதம் மழை வந்தது. இங்கே நன்மையும் தீமையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

நகரத்தில் பெய்யும் மழைக்கு இறங்க நிலம் இல்லை. கூரையில் விழும் நீர் சில நிமிடங்களில் பீலி வழியாக வீதிக்கு வந்து, வீதி வடிகால்கள் நிரம்பி, தாழ்வான ஒழுங்கைகளில் உள்ள வீடுகளுக்குள் புகுகிறது. பசுமைக் கூரை இந்த ஓட்டத்தைத் தாமதிக்கிறது. மண் முதலில் குடிக்கும், பிறகுதான் விடும். மித வெப்ப நாடுகளில் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை மெல்லிய பசுமைக் கூரைகளே பிடித்து வைத்திருக்கின்றன. ஆனால் பெர்லினின் ஆண்டு மழைவீழ்ச்சி 600 மில்லிமீற்றருக்கும் குறைவு. கொழும்பில் அது சுமார் 2,400 மில்லிமீற்றர். பத்து சென்டிமீற்றர் மண் 30, 40 மில்லிமீற்றர் மழையைத் தாங்கலாம். 1992 ஜூன் மாதத்தில் கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை கொட்டியது. அப்படியான நாளில் பசுமைக் கூரை காலையிலேயே நிரம்பிவிடும். மிகுதி எல்லாம் வழமை போல வீதிக்குத்தான். தொடர்ந்து மழை பெய்யும் வாரத்தில் நேற்றைய ஈரமே இன்றும் மண்ணில் நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே சிறு மழைகளுக்கு நல்ல பயன், பெருவெள்ளத்துக்குச் சொற்பப் பயன் என்பதுதான் சரியான கூற்று. வெள்ளத்தைப் பசுமைக் கூரை நிறுத்திவிடும் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை.

மண் குடித்த நீர் எங்கே நிற்கிறது? எங்கள் தலைக்கு மேல். ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர். ஒரு லீற்றர் ஒரு கிலோகிராம். இந்தச் சின்னக் கணக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

மழை தொடங்கிப் பத்தாம் நாள் அதிகாலை. உம்மும்மா சுபஹுக்கு எழும்பி வுழூச் செய்யப் போயிருந்தார். ஒரு சத்தம் கேட்டு நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது, தட்டு அளவு கொங்கிரீட் துண்டு ஒன்று அவரது தலையணை மேல் கிடந்தது. மேலே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. அதைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஈரம் படர்ந்திருந்தது. உம்மும்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நாற்காலியில் அமர்ந்துகொண்டார். வாப்பாவின் முகத்தை அன்று பார்க்க முடியவில்லை.

அன்று காலையே மாமா வந்தார். மேசன் வேலையில் முப்பது வருட அனுபவம் உள்ளவர். மேலே ஏறிப் பார்த்தவர் வல்லாரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. "மச்சான், செடியப் பத்திப் பொறகு பேசுவம். இந்த சிலெப்ப என்னத்துக்கு எண்டு போட்டீங்க? ஆள் நடக்கவா, மண் சொமக்கவா?" என்று கேட்டார். வாப்பாவிடம் பதில் இல்லை. அந்தத் தளத்தைப் போட்டது என் அப்பாவின் காலத்தில்.

மாமா கேட்ட கேள்வியோடுதான் என் செயற்றிட்டம் உண்மையில் தொடங்கியது. நான்கு லீற்றர் பெயின்ட் வாளி ஒன்றில் எங்கள் மண்ணை வெயிலில் உலர்த்தி நிரப்பி, கடைத் தராசில் நிறுத்தேன். 5 கிலோ. அதே மண்ணில் நீர் ஊற்றி, வடிய விட்டு மீண்டும் நிறுத்தேன். 6.6 கிலோ. எட்டு அங்குலம் என்பது 20 சென்டிமீற்றர். ஒரு சதுர மீற்றரில் 200 லீற்றர் மண். நனைந்த நிலையில் அது 330 கிலோ. வளர்ந்த ஐந்து பேர் ஒரு சதுர மீற்றரில் நெருக்கியடித்து, இரவும் பகலும் இறங்காமல் நிற்பதற்குச் சமம். இங்கே கட்டடங்களைத் திட்டமிடும்போது பொறியியலாளர்கள் நீண்ட காலமாகப் பின்பற்றி வந்த பிரித்தானிய நியமங்களில், ஆட்கள் நடமாடும் கூரைக்குக் கணக்கில் எடுக்கப்படும் பாரம் சதுர மீற்றருக்கு 1.5 கிலோநியூட்டன். அதாவது சுமார் 150 கிலோ. அதுவும் முறையாகத் திட்டமிடப்பட்ட கட்டடத்துக்கு. வாப்பா நினைத்தபடி 28 சதுர மீற்றரையும் மூடியிருந்தால் ஒன்பது தொன்னுக்கு மேல் ஏற்றியிருப்போம்.

எங்கள் வீட்டில் துண்டு விழுந்ததற்குப் பாரத்தைவிட ஈரமே முதற் காரணம் என்று மாமா சொன்னார். பொலித்தீன் நீர் புகாப் படலம் ஆகாது. மண்வெட்டியில் ஒரு கீறல் போதும். வடிகால் படை இல்லாததால் நீர் தேங்கி, பழைய வெடிப்பு வழியாக இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைத்தது. துரு இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிப்பதால் கொங்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளிப் பிளக்கிறது. வெறும் தளமாக இருந்தால் வெடிப்பைக் கண்ணால் கண்டு பூசலாம். மண் மூடிய பிறகு கசிவு எங்கே என்று தேடுவதற்குத் தோட்டம் முழுவதையும் அள்ள வேண்டும். பசுமைக் கூரையின் மிகப் பெரிய குறை எது என்று யாராவது என்னைக் கேட்டால், செலவைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

பாரத்தின் விடயத்தில், முறையாக நடத்தப்படும் நிறுவனங்களே தவறியிருக்கின்றன. ஹொங்கொங் நகரப் பல்கலைக்கழகத்தில் 2016 மே 20ஆம் திகதி ஒரு விளையாட்டு மண்டபத்தின் கூரை அப்படியே இடிந்து விழுந்தது. மூவர் காயமடைந்தார்கள், அவ்வளவு பெரிய மண்டபத்தில் உயிர்ச்சேதம் ஏற்படாதது அதிசயம்தான். கூரையின் மேல் பிற்காலத்தில் பரந்த அளவில் பசுமை விரிக்கப்பட்டிருந்தது. கூரையில் இடப்பட்ட சாந்துப் படை திட்டமிட்டதைவிடத் தடிப்பாக இருந்ததும், பசுமை விரிப்பும், தேங்கிய நீரும் சேர்ந்தே பாரத்தைக் கூட்டியதாக விசாரணையில் தெரியவந்தது. கட்டி முடித்த பழைய கூரை மேல் பிறகு வந்த பசுமை என்பதைக் கவனியுங்கள். எங்கள் வீட்டிலும் அதே வரிசைதான்.

கொழும்பு பெற்றோருக்கு நுளம்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2017இல் மட்டும் நாட்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். ஈடிஸ் நுளம்பு தெளிந்த நீரில் முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாட்களில் பறக்கத் தொடங்கிவிடும். நல்ல வடிகால் உள்ள மண்ணில் அதற்கு இடமில்லை. சாடிகளின் கீழே வைக்கும் தட்டு, இலை அடைத்த பீலி, மடிந்து கிடக்கும் பொலித்தீன் ஆகியவற்றில்தான் ஆபத்து. யாரும் வாரம் ஒரு முறை ஏறிப் பார்க்காத கூரைத் தோட்டம் அயலவர் அனைவருக்கும் கேடு. பசளையும் அப்படியே; அதிகமாக இட்டால் மழையோடு கரைந்து வடிகாலுக்கும் கால்வாய்க்கும் போய்ச் சேர்கிறது.

இவ்வளவையும் எழுதியபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. பசுமைக் கூரையின் நன்மை யாருக்கு, சுமை யாருக்கு? வீதி சற்றுக் குளிர்வதும், கீழ் ஒழுங்கையில் வெள்ளம் சிறிது பிந்துவதும், வண்ணத்துப்பூச்சியும் குருவியும் வருவதும் ஊருக்கெல்லாம் பொதுவானவை. பாரம், கசிவு, பராமரிப்பு, பணம் ஆகியவை அந்தக் கூரைக்குக் கீழே உறங்குபவருக்கு மட்டும் உரியவை. இதை உணர்ந்த நகரங்கள்தான் இதில் முன்னேறியிருக்கின்றன. ரொறன்ரோ மாநகரம் 2009இல் நிறைவேற்றிய சட்டத்தில், தளப்பரப்பு 2,000 சதுர மீற்றரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டடங்கள், கூரையில் கிடைக்கும் இடத்தில் 20 முதல் 60 சதவீதம் வரை பசுமையாக்க வேண்டும் என்று விதித்தது. டோக்கியோ 2001இலேயே பெரிய கட்டடங்களுக்கு இப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் புதிய தட்டைக் கூரைகளுக்கு இது கட்டாயம். சிங்கப்பூர் வேறு வழியில் போனது: 2009இல் தொடங்கிய திட்டத்தின் கீழ், அமைக்கும் செலவில் பாதி வரை அரசே கொடுத்தது. நன்மையில் பங்கு கேட்கும் நகரம் செலவிலும் பங்கெடுப்பது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. இந்த விதிகளில் பெரும்பாலானவை புதிதாகக் கட்டுவோருக்கானவை. வரைபடத்திலேயே மண்ணின் பாரம் எழுதப்பட்டால் தூணும் வளையும் அதற்கேற்பப் போடப்படும். நம் நாட்டிலும் அப்படியான ஓர் உதாரணம் உண்டு. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்து 1994இல் திறக்கப்பட்ட கந்தலம ஹோட்டலின் தட்டைக் கூரைகளில் செடிகள் வளர்கின்றன. அவை பிறகு வந்து சேர்ந்தவை அல்ல. கட்டடத்தோடு சேர்த்து நினைக்கப்பட்டவை.

பழைய தளம் உள்ளவர்கள் என்ன செய்யலாம்? நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். மண் முழுவதையும் மூட்டை மூட்டையாக இறக்கினோம். ஏற்றியதைவிட இறக்குவது கடினமாக இருந்தது. மாமா பழுதான கொங்கிரீட்டைச் செதுக்கி, கம்பியைச் சுத்தம் செய்து திரும்பப் பூசினார். தளம் முழுவதும் நீர் புகாத பூச்சு. அதன் மேல் வெள்ளை நிறம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பாரம் ஏறக்குறைய எதுவுமில்லை. பூச்செடிகள் இப்போது சுவருக்கு மேலாக, வளை ஓடும் ஓரத்தில் மட்டும் எட்டுச் சாடிகளில் நிற்கின்றன. கீழே தட்டு கிடையாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பீலியைப் பார்ப்பது என் பொறுப்பு. வெள்ளைப் பூச்சு மழையைப் பிடித்து வைக்காது, ஒரு வண்ணத்துப்பூச்சியையும் அழைக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த ஏப்ரலில் உம்மும்மா தலை சுற்றி விழவில்லை. கட்டிலை மட்டும் அந்த இடத்திலிருந்து நகர்த்திப் போடச் சொல்லிவிட்டார். மேலே எத்தனை தடவை பூசிக் காட்டினாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

இப்போது சாச்சா கொலன்னாவையில் புதிதாக வீடு கட்டுகிறார். அத்திவாரம் இன்னும் வெட்டவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தை எங்கள் மேசையில் விரித்தபோது, வாப்பா என் செயற்றிட்டக் கொப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்து, "இந்தக் கணக்க ஒங்கட இன்ஜினியருக்குக் காட்டுங்க. மேல மூணுல ஒரு பங்குக்கு ஈர மண் வரும் எண்டு இப்பவே செல்லுங்க" என்றார். கம்பியும் சீமெந்தும் எவ்வளவு கூடும் என்று சாச்சா கேட்டார். பொறியியலாளரின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.